முடிந்ததும் மூலத்தை அணைக்கவும்

சர்வர் பெட்டியின் தலைமேல் ஒரு சூரியகாந்தி விதைத் தொலி கிடந்தது. கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட, பல்லிடுக்கில் வைத்து உடைத்துத் துப்பிய தொலி. அதைச் சுண்டிவிடப் போன லூபென் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். தொலி ஈரமாக இருந்தது.

அந்த அறையில் விதை கொறித்த ஆள் ஒருவர்தான். மெத்தோதி. காலையில் ஒரு பொட்டலம், மத்தியானம் ஒரு பொட்டலம். கீபோர்டுக்குள் தொலி, சட்டைப் பையில் தொலி, சர்வரின் காற்றாடிக்குள்கூடத் தொலி. அவர் செத்து அன்றோடு ஒரு வருஷம். அதுவும் இதே அறையில், இதே கதவுக்குப் பின்னால். அதன் பிறகு இங்கே வந்து போகிறவன் லூபென் மட்டும்தான். அவனுக்கு விதை கொறிக்கிற பழக்கம் கிடையாது.

எங்கேயாவது இடுக்கில் கிடந்திருக்கும், மேலே குழாய் கசிந்து நனைந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, தொலியைக் காகிதத்தால் எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டான். மேலே குழாய் எதுவும் இல்லை. நிமிர்ந்து பார்க்க அவன் மெனக்கெடவில்லை.

ரூசே துறைமுகத்துத் தானியக் கிடங்கில் அன்று ஈ காக்கை இல்லை. நவம்பர் மாதத்துச் செத்தவர்கள் சனிக்கிழமை. ஊர் மொத்தமும் வேகவைத்த கோதுமையும் ஒயினும் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போயிருந்தது. காவல்காரன்கூட அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்ற வேண்டுமென்று சாவிக்கொத்தை லூபென் கையில் திணித்துவிட்டுக் கிளம்பிவிட்டான். ஆற்றின்மேல் பனிமூட்டம் அப்பிக்கொண்டு நின்றதால் பட்டப்பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. நனைந்த தானியத்தின் புளித்த வாடை படியிறங்கி அடித்தளம்வரை வந்தது. இந்த நாளைத்தான் லூபென் மேலதிகாரியிடம் கேட்டு வாங்கியிருந்தான். பார்க்க ஆளில்லாத நாள்.

ஆனாலும் பதினொரு மணிக்கு ஒருத்தி வந்துவிட்டாள். மெத்தோதியின் மனைவி வெனெத்தா. கறுப்புக் கோட்டு, கையில் பசை டப்பா, கக்கத்தில் சுருட்டிய காகிதங்கள்.

"லூபென் தம்பி, உள்ள வரலாமா?"

"இன்னிக்கு லீவு அக்கா. யாரும் இல்ல."

"அதான் நீ இருக்கியே."

காகிதங்கள் எல்லாம் மரண அறிவிப்புகள். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று, வருஷம் திரும்பினால் ஒன்று என்று ஊர்ச் சுவர்களில் ஒட்டுவது வழக்கம். கறுப்புக் கட்டத்துக்குள் மெத்தோதி சிரித்துக்கொண்டிருந்தார். கீழே 'அவரின்றி ஓராண்டு' என்று பெரிய எழுத்து.

"ஒண்ணு இந்தக் கேட்ல ஒட்டிக்கறேன். இன்னொண்ணு கீழ, அவர் செத்த அறைக் கதவுல."

"கீழயெல்லாம் ஒட்ட விடமாட்டாங்க அக்கா. இங்கயே ஒட்டுங்க. ரோட்ல போறவங்க நாலு பேர் பார்ப்பாங்கல்ல?"

"ரோட்ல போறவங்க எதுக்குப் பார்க்கணும்? அவங்களா அவரை உள்ள வச்சுப் பூட்டினாங்க?"

லூபென் சிரித்து மழுப்பினான். அவள் பையிலிருந்து ஒரு காகிதக் கோப்பையை எடுத்து நீட்டினாள். சர்க்கரை தூவி, வால்நட் போட்ட கோதுமை. வாங்குகிறவன் சொல்ல வேண்டியதை அவனும் சொன்னான்: "கடவுள் மன்னிக்கட்டும்."

"யாரை?"

"அக்கா?"

"அவர் என்னடா தப்பு பண்ணார், கடவுள் மன்னிக்கறதுக்கு?"

"ஒரு வழக்கம்தானே, அதுக்காகச் சொன்னேன்..."

"சரி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கடைசியில அவர் தட்டினாரா?"

வருஷம் பூரா இதே கேள்விதான். அடக்கத்தன்று கேட்டாள். நாற்பதாம் நாள் கேட்டாள். ஒருமுறை மீன்கடை வரிசையில், பத்துப் பேர் முன்னால் கேட்டாள்.

"இல்லவே இல்ல அக்கா. டாக்டரே எழுதிக் குடுத்தாரே. ஒரு நொடி. அவருக்கே தெரிஞ்சிருக்காது."

"சூப் ஆறிப்போச்சுன்னா தெருவையே கூட்டற மனுஷன். சத்தம் போடாம செத்தாராம்." காகிதத்தைக் கேட்டில் வைத்து, உள்ளங்கையால் மூன்று தடவை அழுத்தித் தேய்த்தாள். "நீ விடாட்டி என்ன? அவருக்கு எங்க வேணுமோ அங்க அவரே ஒட்டிக்குவார். கோதுமையைச் சாப்பிடு, வீணாக்காத."

அவள் போகும்வரை லூபென் முகத்தில் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் கோதுமையைச் சாக்கடையில் கொட்டினான்.

மெத்தோதி தட்டினார். நாற்பத்தொரு தடவை.

அது லூபென் ஒருவனுக்கு மட்டும் தெரியும். போன வருஷம் சர்வர் அறைக் கதவுக்குப் புதுப் பூட்டு மாட்டியவன் அவன்தான். உள்ளே இருப்பவர் வெளியே வர, சுவரில் ஒரு பச்சைப் பொத்தான். பொத்தானிலிருந்து இரண்டு கம்பி: ஒன்று சர்வருக்கு, அழுத்தியதைக் குறித்துக்கொள்ள. இன்னொன்று பூட்டுக்கு. அன்று மச்சானோடு மீன் பிடிக்கப் போகிற அவசரம். பூட்டுக்குப் போகிற கம்பியை மாட்டாமலே, சோதித்துப் பார்த்தாயிற்று, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான் மகராசன். நாலே நாளில், தீ அணைக்க வைத்திருந்த வாயு சிலிண்டர் கசிந்தது. மெத்தோதி உள்ளே, அன்றுதான் முதல்முறையாகக் கதவைச் சாத்திக்கொண்டு. மறுநாள் காலை முதலில் வந்து பார்த்தவன் லூபென். அவன் செய்த முதல் காரியம் போலீஸைக் கூப்பிடுவதல்ல. உடலைத் தாண்டிப் போய் அந்தக் கம்பியை மாட்டினான். இரண்டாவது, சர்வரில் உட்கார்ந்து கதவுப் பதிவைத் திறந்தான். 'உள்பொத்தான் அழுத்தப்பட்டது. கதவு திறக்கவில்லை.' ஒன்று, இரண்டு என்று நாற்பத்தொன்றுவரை எண்ணிவிட்டு அழித்தான். கை நடுங்கவில்லை.

அழித்தது அப்படியொன்றும் போய்விடாது. பெயர்ப்பலகையைக் கழற்றிய வீடு மாதிரி டிஸ்க்கில் அங்கேயே கிடக்கும், தேடத் தெரிந்தவன் கையில் அகப்படும்வரை. வெனெத்தா வைத்த வக்கீல் அந்த டிஸ்க்குகளைப் பரிசோதிக்கக் கேட்டு மனுப் போட்டிருந்தார். டிசம்பரில் விசாரணை. அகப்பட்டால் லூபெனுக்குச் சிறை.

அதனால்தான் இன்றைய வேலை. பழைய சர்வரின் உள்ளிருப்பதையெல்லாம் உருவி, மேல்மாடியில் வாங்கிவைத்த புதுக் கணினிக்குள் ஏற்றுவது. இரும்புப் பெட்டி இங்கேயே நின்றுவிடும். அங்கே அதே பெயரில், அதே விலாசத்தில், உடம்பில்லாத ஒரு சர்வர் எழுந்து உட்காரும். கேட்டால், நான்தான் அது என்று பதிலும் சொல்லும். பெட்டி கிழடாகிவிட்டது என்றதும் மேலதிகாரி மறுபேச்சில்லாமல் சம்மதித்துவிட்டார். நகலெடுக்கும்போது 'உயிருள்ள கோப்புகள் மட்டும்' என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டால் போதும். அழித்ததெல்லாம் பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிடும். அந்த டிஸ்க்கில் துளை போட டிரில் மிஷின் அவன் பையில் தயாராக இருந்தது.

கடைசியில் இன்னொரு கட்டம். மூலமும் நகலும் ஒரே சமயத்தில் உயிரோடு இருக்கக் கூடாது. ஒரே பெயருக்கு இரண்டு பேர் பதில் சொன்னால் எல்லாம் குழம்பிவிடும். அதனால் 'முடிந்ததும் மூலத்தை அணைக்கவும்.' அதிலும் டிக் போட்டுவிட்டுத் தொடங்கினான்.

ஒரு விஷயத்தில் மட்டும் முன்ஜாக்கிரதை. கதவுப் பூட்டுக்கு மின்சாரம் தருகிற கம்பி பழைய பெட்டியின் முதுகில்தான் மாட்டியிருக்கிறது. உடம்பில்லாத சர்வருக்கு முதுகேது? மூலம் அணைந்த நொடியில் பூட்டு விழுந்துவிடும், உள்ளேயிருந்து திறக்காது. சாவி போடுகிற துளையும் வெளிப்பக்கம்தான். புத்திசாலி லூபென் மெத்தோதியின் பழைய மர முக்காலியை இழுத்துக் கதவிடுக்கில் கொடுத்து வைத்தான். நடைவழி விளக்கின் வெளிச்சமும் குளிரும் அந்த இடுக்கு வழியாக உள்ளே விழுந்தன.

மொத்தம் நூற்றெண்பது ஜிபி. நாற்பது, எழுபது, நூறு. சுவரோரம் நாலு சிவப்பு சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. போன வருஷத்துச் சிலிண்டர்கள்தான், திரும்ப நிரப்பி மாட்டியிருந்தார்கள். காற்றாடிகள் ஒரே சீராக இரைந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவே டிஸ்க் எதையோ தேடுகிற மெல்லிய சத்தம். டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி டிக். பழைய டிஸ்க் அப்படித்தான் சத்தம் போடும் என்று லூபெனுக்குத் தெரியும். தெரிந்தும் நாலாவது டிக்கில் பிடரி சில்லிட்டது. ஒவ்வொரு டிக்குக்கும் பின்னால், உதட்டோரம் தொலியைத் துப்புகிற மாதிரி ஒரு சின்னக் காற்றுச் சத்தம் கேட்டது. டிக். த்தூ.

"பயந்தாங்கொள்ளி," என்று தன்னையே திட்டிக்கொண்டான். குரல் அறைக்குள் கம்மலாக ஒலித்தது.

மூன்றே முக்கால் மணிக்கு நூற்றெண்பதைத் தொட்டது. லூபென் நெட்டி முறித்தான். டிரில்லைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தான்.

நூற்றெண்பத்தொன்று.

திரையை உற்றுப் பார்த்தான். நூற்றெண்பத்தைந்து. நூற்றுத் தொண்ணூறு. 'உயிருள்ள கோப்புகள் மட்டும்' கட்டத்தில் டிக் அப்படியே இருந்தது. பழைய சர்வரில் உயிரோடு இருப்பது நூற்றெண்பதுதான், அதை அவன் மூன்று தடவை சரிபார்த்திருந்தான். அப்படியானால் இப்போது மேலே ஏறிக்கொண்டிருப்பது என்ன?

நிறுத்து என்று கொடுத்தான். நிற்கவில்லை. பெட்டியின் முதுகுக்குப் போய் நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கினான். கம்பி கையோடு வந்தது. கம்பி இல்லாத வெற்று ஓட்டையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. இருநூறு. இருநூற்றுப் பத்து.

ஓடிவந்து உட்கார்ந்து கதவுப் பதிவைத் திறந்தான். காலையில் பார்த்தபோது அந்தப் பக்கம் காலி. இப்போது முழுக்க வரிகள். உள்பொத்தான் அழுத்தப்பட்டது, கதவு திறக்கவில்லை. உள்பொத்தான் அழுத்தப்பட்டது, கதவு திறக்கவில்லை. அவனே எண்ணி, அவனே அழித்த வரிகள். எண்ண வேண்டியதே இல்லை.

ஆனால் தேதி போன வருஷத்தது இல்லை. இன்றைய தேதி. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தோதி இல்லை.

லூபென் ஸ்தானெவ். லூபென் ஸ்தானெவ். லூபென் ஸ்தானெவ். கீழே வரைக்கும்.

முதல் வரியின் நேரம் மூன்று ஐம்பத்திரண்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று ஐம்பது.

போதும். போய்விடலாம். டிஸ்க்கும் வேண்டாம், டிரில்லும் வேண்டாம், மேலே போய் வெளிக்காற்றில் நின்றுகொண்டு அப்புறம் யோசிக்கலாம் என்று நாற்காலியைத் தள்ளி எழுந்தவனின் முழங்கால் எதிலோ இடித்தது.

முக்காலி.

கதவிடுக்கில் இருந்த முக்காலி. இப்போது அவன் நாற்காலிக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல் போட்டிருந்தது. தோளுக்குமேல் எட்டித் திரையைப் பார்க்க வசதியான இடம். அதன் காலடியில் தொலிகள். ஒரு கைப்பிடி இருக்கும். எல்லாம் ஈரம்.

கதவு சாத்தியிருந்தது.

திரையில் கடைசி வரி வந்தது. 'முடிந்தது. மூலம் அணைக்கப்படுகிறது.'

காற்றாடிகள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டன. திரை இருண்டது. பன்னிரண்டு வருஷமாக ஓயாத இரைச்சல் ஓய்ந்தபோது, அதற்கு அடியில் அதுவரை கேட்காத ஒன்று கேட்டது. சுவரோரம். மூன்றாவது சிலிண்டர்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

லூபென் பொத்தானை அழுத்தினான். அழுத்தக் கூடாது, அழுத்தினால் பதிவில் இருப்பது உண்மையாகிவிடும் என்று மனசு கத்தியது. கை கேட்கவில்லை. அழுத்தினான். அவன் கையாலேயே கம்பி மாட்டிய பொத்தான். வருஷம் பூரா வேலை செய்த பொத்தான். அழுத்தினான். தோளால் கதவை இடித்தான். கதவின் சின்னக் கண்ணாடிக்கு வெளியே நடைவழி விளக்கு எரிந்தது. யாரும் இல்லை. அழுத்தினான். கணுக்காலில் ஏதோ குளிர்ந்தது. குளிர் முழங்காலுக்கு ஏறியது. கத்தினான். அழுத்தினான். நாக்கில் சோடா குடித்த மாதிரி ஒரு புளிப்பு. அழுத்தினான். அழுத்தினான்.

பையிலிருந்த போன் அடித்தது.

அடித்தளத்தில் சிக்னல் கிடையாது. ஒருநாளும் கிடைத்ததில்லை. எடுத்தான்.

"என்ன தம்பி?" வெனெத்தா. பின்னால் கல்லறை மணி மெல்ல அடித்துக்கொண்டிருந்தது. "எதுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்க?"

"அக்கா... அக்கா, நான் கூப்பிடல..."

"உன் நம்பர்தான். நாப்பது தடவை."

"அக்கா, உள்ள மாட்டிக்கிட்டேன். கதவு திறக்கல. வாயு... யாரையாவது அனுப்புங்க அக்கா, உங்க கால்ல விழறேன், போலீஸ், ஃபயர் சர்வீஸ் யாராச்சும்..."

மறுமுனையில் அவசரம் எதுவும் இல்லை. "இங்க அவருக்கு ஒயின் ஊத்திக்கிட்டு இருக்கேன். பாட்டில் பூராவும் ஊத்திட்டேன் தம்பி. மண்ணு குடிக்கவே மாட்டேங்குது. ஆளு வீட்ல இல்லாத மாதிரி."

"அக்கா!"

"அவர் தட்டினாரா?"

மூச்சு நெஞ்சோடு நின்றுவிட்டது. இழுத்தால் உள்ளே போகவில்லை. கண்ணெதிரே பொத்தானின் பச்சை மங்கலாக அலைந்தது.

"தட்டினார்," என்றான் லூபென். "நாப்பத்தொரு தடவை. கம்பியை நான் மாட்டல. எல்லாத்தையும் நான்தான் அழிச்சேன். அக்கா, மன்னிச்சிருங்க, ஒத்துக்கறேன், கோர்ட்ல வந்து சொல்றேன், ஆளை மட்டும் அனுப்புங்க..."

மணி இரண்டு தடவை அடித்தது. யாரோ அழுவது மாதிரிக் கேட்டது. அழுகை நின்றதும் அவள் குரல் தெளிவாக வந்தது.

"ஒரு நொடின்னு சொன்னியேடா. உனக்கும் தெரியாது."

போனை வைத்துவிட்டாள்.

திருப்பிக் கூப்பிட்டான். சிக்னல் இல்லை. போன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றை விரலை மட்டும் தூக்கி, பச்சைப் பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினான்.

கதவு திறக்கவில்லை.

நடைவழியில் காலடிச் சத்தம். நிதானமாக. நேரே கதவை நோக்கி. கண்ணாடிக்கு வெளியே நிழல் ஒன்று வந்து நின்று வெளிச்சத்தை மறைத்தது. லூபென் கையால் கதவைத் தட்டினான். அது தட்டுகிற சத்தமாகவே வரவில்லை. நிழல் குனிந்தது. பசை டப்பாவின் மூடி திறக்கிற ஓசை.

கண்ணாடியின்மேல் ஒரு காகிதம் விழுந்தது. வெளியேயிருந்து ஓர் உள்ளங்கை அதை அழுத்தித் தேய்த்தது. ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்று தடவை. ஆண்பிள்ளையின் அகலமான கை. நகங்கள் நீலம்.

கை விலகியது. நடைவழி வெளிச்சம் காகிதத்தின் பின்னாலிருந்து ஊடுருவி வந்தது. கறுப்புக் கட்டம். இடம் வலம் மாறிய எழுத்துகள். நடுவில் அவனுடைய அலுவலக அட்டைக்கு எடுத்த படம், அதே நீலச் சட்டை, அதே மழுப்பல் சிரிப்பு.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நின்றுகொண்டே இருந்தார்கள். போகவில்லை.

டிக்.

த்தூ.